பால்மரத்தில் ஒரு பேனா

உலு சிலாங்கூரில் அம்பாங் பெச்சா, கெர்லிங், பத்தாங் காலி என எந்தப் பக்கம் போனாலும், பால்மரம் வெட்டிப் பிழைத்த பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். விடியுமுன் எழுந்து பட்டை சீவிப் பால் எடுத்தவர்கள் அவர்கள். ஆனால் 25, 30 ஆண்டுகளில் பால் வற்றிய மரம் என்ன ஆனது? பெரும்பாலும் விறகாகத்தான் போனது. வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சையும் வண்டும் பிடிக்கும் என்பதால் தச்சர்கள் அதை விரும்பவில்லை.

போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. 1980களில் இருந்து ரப்பர் மரம் நாற்காலியாக, மேசையாக ஏற்றுமதி ஆகத் தொடங்கியது. இன்று மரச்சாமான் பட்டறைகளில் மிஞ்சும் சிறு துண்டுகள் போதும், அழகான பேனா ஒன்று செய்யலாம்.

வெளிர் நிற ரப்பர் மரத்தையும் கருஞ்சிவப்பு மெர்பாவ் மரத்தையும் மெல்லிய தகடுகளாக அறுத்து, மாற்றி மாற்றி அடுக்கிப் பசையிட்டு, இறுக்கிப் பிடித்து ஒரு நாள் காய விடுகிறார்கள். பிறகு அதை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் சதுரக் கட்டையாக அறுக்கிறார்கள். அடுக்குகளைச் சாய்வாக வைத்து அறுத்தால், கடைந்த பிறகு கோடுகள் நீள்வட்டங்களாக வளைந்து தெரியும். தனியாகச் சாயம் பூச வேண்டியதில்லை.

கட்டையின் நடுவே துளையிடுவதுதான் கைப்பழக்கம் கேட்கும் இடம். மெல்லிய பேனாவுக்கு 7 மில்லிமீட்டர் துளை. அவசரப்பட்டால் துளையூசி சூடேறிப் பசை இளகும், அடுக்குகள் பிரிந்துவிடும். கொஞ்சம் துளைத்து, ஊசியை வெளியே எடுத்துத் தூளைத் தட்டி, மீண்டும் துளைக்க வேண்டும். துளைக்குள் பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் பூட்டி, கூரான உளியால் மெல்லச் சீவுகிறார்கள். கடைசியில் குழாயின் மேல் மிஞ்சுவது மெல்லிய மரத்தோல்தான். உப்புத்தாள் தேய்த்து மெருகேற்றினால் பேனாத் தண்டு தயார். நிப்பு, மூடி எல்லாம் கடையில் தொகுப்பாகக் கிடைக்கும். பசை கலந்த மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

ரப்பருக்கும் பேனாவுக்கும் உள்ள உறவு புதிதல்ல. ரப்பர் பாலைக் கந்தகத்தோடு சேர்த்துக் கெட்டியாக்கிய எபோனைட்டில்தான் அந்தக் காலத்து மைப்பேனாக்கள் செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் திருவள்ளூரில் ‘ரங்கா’ பேனாக்கள் இன்றும் எபோனைட்டில் கையால் கடையப்படுகின்றன. அங்கே பேனாவானது மரத்தின் பால். இங்கே மரமே பேனா ஆகிறது.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. பேரப்பிள்ளைகள் பலர் பால்மரத்தை அருகில் நின்று பார்த்ததில்லை. இந்தக் கலையைக் கற்க நினைப்பவர்கள், உலர்த்திய துண்டு ஒன்றைப் பட்டறையில் கேட்டு வாங்கித் தொடங்கலாம். முதல் பேனாவை வீட்டில் உள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ கொடுங்கள். இது எந்த மரம் என்று சொல்லுங்கள். மற்றதை அவர்களே பேசுவார்கள்.