முதன்மை வழங்கியும் மாற்று வழங்கியும்: தரவுப் படியாக்க நிலையைக் கண்காணித்தல்

முன்னுரை

தரவுத்தளத்தைப் பேணுவோர் முதன்மை வழங்கி ஒன்றையும், அது செயலிழந்தால் அதன் இடத்தை ஏற்கும் மாற்று வழங்கி ஒன்றையும் அமைப்பது வழக்கம். முதன்மையில் நிகழும் மாற்றங்கள் மாற்று வழங்கிக்குத் தொடர்ந்து படியெடுக்கப்படுகின்றன. இப்படியாக்கம் உண்மையில் எந்நிலையில் உள்ளது என அறியும் முறையைப் போஸ்ட்கிரெஸ் மென்பொருளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

படியாக்கத்தின் படிநிலைகள்

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் முன்னெழுது பதிவேட்டில் பதிகிறது. 2010இல் வெளிவந்த 9.0 பதிப்பு முதல் அப்பதிவுகள் வலையமைப்பின் வழியே தொடர் ஓட்டமாக மாற்று வழங்கியை அடைகின்றன. அங்கு அவை எழுதப்பட்டு, வட்டில் நிலைபெற்று, பின்னரே தரவுத்தளத்தில் செயற்படுத்தப்படுகின்றன. முதன்மையிலுள்ள 'பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன்' என்னும் காட்சி இந்நிலைகளைத் தனித்தனியே காட்டும். அனுப்பியதற்கும் எழுதியதற்கும் இடைவெளி பெருகினால் வலையமைப்பை ஆராய வேண்டும். நிலைபெற்றதற்கும் செயற்படுத்தியதற்கும் இடைவெளி பெருகினால் மாற்று வழங்கியின் சுமையையும் அங்கு நெடுநேரம் இயங்கும் வினவல்களையும் ஆராய வேண்டும்.

அளவீடு தவறும் இடங்கள்

மாற்று வழங்கி இறுதியாகச் செயற்படுத்திய பரிவர்த்தனையின் நேரத்தை நடப்பு நேரத்திலிருந்து கழித்துப் பின்னடைவைக் கணிப்பதுண்டு. முதன்மையில் புதிய மாற்றங்கள் நிகழாத வேளையில் பின்னடைவே இல்லாதபோதும் இவ்வெண் உயரும். இதற்கு மாறாக, இணைப்பு அறுந்தபின் மாற்று வழங்கியில் பெற்ற இடமும் செயற்படுத்திய இடமும் ஒன்றாகத் தோன்றும். முதன்மையோ முன்னே சென்றிருக்கும். முதன்மையின் காட்சியிலும் அவ்வழங்கிக்குரிய வரிசையே மறைந்துவிடும். பின்னடைவின் அளவை மட்டும் நோக்கும் எச்சரிக்கை அமைப்பு, அளக்க ஏதுமின்மையால் அமைதி காக்கும். எனவே வரிசை காணப்படாமையே முதல் எச்சரிக்கையாதல் வேண்டும்.

கிட்லாப் நிகழ்வு

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் சுமை மிகுந்து படியாக்கம் பின்தங்கியது. மாற்று வழங்கி பெறுமுன் பதிவேட்டுக் கோப்புகள் முதன்மையில் நீக்கப்பட்டதால் படியாக்கம் நின்றது. அதனை மீளத் தொடங்கும் முயற்சியில் முதன்மையின் தரவே தவறுதலாக அழிக்கப்பட்டது; ஏறத்தாழ 6 மணி நேரத் தரவு மீளவில்லை. 9.4 பதிப்பில் அறிமுகமான படியாக்கத் துளைகள் இத்தகைய கோப்பு நீக்கத்தைத் தடுக்கும். ஆயினும் மாற்று வழங்கி திரும்பாவிடில் கோப்புகள் குவிந்து முதன்மையின் வட்டு நிரம்பும். அதற்கு வரம்பிடும் வசதி 13ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

ஒரு வழங்கியை மட்டும் வினவிப் படியாக்க நிலையை உறுதிசெய்தல் இயலாது. முதன்மையின் நடப்பு இடத்தையும் மாற்று வழங்கி செயற்படுத்திய இடத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பைட்டிலும் நேரத்திலும் அளந்து, இணைப்பின் இருப்பையும் தனியே சோதித்தலே நம்பத்தக்க கண்காணிப்பாகும்.