பெயருக்குக் காத்திருக்கும் நெசவாளர்

மார்கழிக் காலையில் அடையாற்றில் பழைய தோட்டம் எதிலாவது நுழைந்து புல்தரையைக் குனிந்து பாருங்கள். பனித்துளி கோத்த வலைகள் கைக்குட்டைகளை உதறிக் காயப்போட்டதுபோல் கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஹிப்பாசா என்ற ஓநாய்ச் சிலந்தியுடையவை. வலையின் ஒரு மூலை புனலாகச் சுருங்கி உள்ளே போகும், வீட்டுக்காரி அதன் வாசலில் நிற்பாள். புனலே இல்லாமல், செடித் தண்டுகளுக்கு நடுவே மெல்லிய விரிப்பு மட்டும் கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். விரிப்பின் அடிப்பக்கத்தில் தலைகீழாக, எள் அளவுகூட இல்லாத ஒரு சிலந்தி தொங்கக்கூடும்.

இவைதான் விரிப்பு வலைச் சிலந்திகள். அறிவியல் இந்தக் குடும்பத்தை லினிஃபிடே என்கிறது. விரிப்புக்கு மேலே தாறுமாறாகச் சில இழைகள் ஓடும். பறந்து வரும் கொசுவோ சிறு ஈயோ அவற்றில் மோதித் தடுமாறி விரிப்பின்மேல் விழும். கீழே காத்திருக்கும் சிலந்தி விரிப்பின் வழியாகவே கடித்து, இரையைக் கீழே இழுத்துக்கொள்ளும். கிழிந்த இடத்தைப் பிறகு தைத்துவிடும். நெல்வயலிலும் இதே வேலை நடக்கிறது. ஆசிய வயல்களில் வாழும் அட்டிபீனா ஃபார்மோசானா, பயிரின் தூரடியில் இருந்துகொண்டு தத்துப்பூச்சிக் குஞ்சுகளைத் தின்கிறது. புகையான் என்ற தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கிற கை அதையும் சேர்த்தே கொல்கிறது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-ஐ 2022-லேயே தாண்டிவிட்டன. அவற்றில் குதிக்கும் சிலந்திகளுக்கு அடுத்த பெரிய குடும்பம் லினிஃபிடே, 4,800 இனங்களுக்கு மேல் உண்டு. குளிர்நாடுகளில்தான் இவற்றை அதிகம் தேடியிருக்கிறார்கள். இந்தியாவில் இமயமலைப் பகுதி இனங்கள் பலவற்றுக்கு ரஷ்ய ஆய்வாளர் ஆந்த்ரே தனாசேவிச் பெயர் வைத்தார். பக்கத்து இலங்கையின் நேரியேன் காட்யே 1969-லேயே பெயர் பெற்றுவிட்டது. நம் சமவெளிப் பக்கம் குனிந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

புதிய இனம் என்று சொல்லிவிட ஒரு நல்ல புகைப்படம் போதாது. முதலில், கிடைத்தது முதிர்ந்த சிலந்தியாக இருக்க வேண்டும். குஞ்சை வைத்து இனம் சொல்ல முடியாது. ஆணின் வாயருகே உள்ள பால்ப் என்ற சிறு உறுப்பும், பெண்ணின் வயிற்றடியில் உள்ள எபிஜைன் என்ற கெட்டித் தகடும்தான் அடையாளம். மொத்த உடலே இரண்டு மில்லிமீட்டர் இருக்கும் உயிரியின் பால்ப்பைத் தனியே பிரித்து, நுண்ணோக்கியில் ஒவ்வொரு முள்ளையும் மடிப்பையும் வரைய வேண்டும். பிறகு உறவுக்கார இனங்களின் பழைய வரைபடங்களோடும், முடிந்தால் அருங்காட்சியகத்தில் சாராயத்தில் கிடக்கும் மூல மாதிரிகளோடும் ஒப்பிட வேண்டும். இதெல்லாம் முடிந்து கட்டுரை அச்சேறிய பிறகுதான் அந்தப் பெயர் செல்லும். எந்த மாதிரியை வைத்து விவரித்தார்களோ அது என்றைக்கும் பாதுகாக்கப்பட வேண்டும். இவ்வளவு பொறுமையான வேலைக்கு நம் நாட்டில் உரிய மதிப்பு இல்லை என்பது என் ஆதங்கம்.

உள்ளங்கை அளவுச் சிலந்தியே இங்கே எத்தனை காலம் பெயரில்லாமல் இருந்தது! ராமேஸ்வரத்தின் மரங்களில் வாழும் பெரிய டாரன்டுலாவுக்கு 2004-ல்தான் பெயர் கிடைத்தது. அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரையே சேர்த்து அதைப் பொயீசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்றார்கள். இப்போது அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில். பெயர் வந்ததால்தானே அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சே எழுந்தது?

சென்னைக்கு இந்தத் துறை புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தை 1920 முதல் 1940 வரை நடத்திய எஃப்.எச். கிரேவ்லி, இந்தியச் சிலந்திகளைப் பற்றி விரிவாக எழுதியவர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காட்டை ஆராய்ந்து ஜான் காலெப் 2020-ல் வெளியிட்ட பட்டியலில் 150-க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் உள்ளன. ஒரு கல்லூரி வளாகத்தில் மட்டும் இத்தனை! 2.7 சதுர கிலோமீட்டர் கிண்டிப் பூங்காவிலும் அடையாற்று முகத்துவாரக் கரையிலும் இதே பொறுமையோடு சருகைப் புரட்டினால் என்னென்ன கிடைக்குமோ! மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே, சாந்தோம் நெடுஞ்சாலையில், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மையம் இருக்கிறது. நம் கல்லூரி மாணவர்களுக்கு அந்த வாசல் பழக வேண்டும்.

தி.நகர் மாடியில் தொட்டிச் செடி வைத்திருப்பவர்களும் இதில் சேர்த்திதான். விரிப்பு வலைச் சிலந்திகள் இழையைக் காற்றில் விட்டுப் பறக்கும், மாடிக்கும் வந்து சேரக்கூடும். 1832-ல் கரையிலிருந்து 60 மைல் தள்ளி வந்த பீகிள் கப்பலின் பாய்க்கயிறுகளில் குட்டிச் சிலந்திகள் வந்து இறங்கியதை டார்வின் எழுதியிருக்கிறார். வளிமண்டல மின்புலமும் அவற்றை மேலே தூக்குகிறது என்று பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2018-ல் காட்டியது இக்குடும்பத்தின் எரிகோனே சிலந்திகளை வைத்துத்தான்.

கிண்டிப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. உங்கள் வீட்டுத் தோட்டத்தில் அந்தத் தடை இல்லை. உதிர்ந்த சருகை உடனே கூட்டிக் கொளுத்தாதீர்கள். வேலியோரம் ஒரு முழப் புல்லையாவது வெட்டாமல், மருந்து அடிக்காமல் விட்டு வையுங்கள்.