தவறிவிடுமோ என்னும் அச்சமும் நம் கைப்பேசியும்

கைப்பேசியை ஓயாமல் எடுத்துப் பார்ப்பவரைச் சோம்பேறி என்று குடும்பத்தார் கடிந்துகொள்வதைப் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் அங்கே இருப்பது சோம்பலன்று, அச்சம். பிறர் அறிந்ததை நாம் அறியாமற்போவோமோ, பிறர் கூடும் இடத்தில் நாம் இல்லாமற்போவோமோ என்னும் அச்சம். இளைஞர்கள் இதனை ‘ஃபோமோ’ என்பர். 2013-ஆம் ஆண்டில் உளவியலாளர் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் அவர்தம் குழுவினரும் இதனை அளக்கப் பத்துக் கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். இவ்வச்சம் மிகுந்தோர் விழித்தவுடனும், உண்ணும்போதும், உறங்குமுன்னும் முகநூலை நாடுவதையும், வண்டி ஓட்டும்போதுகூடக் குறுஞ்செய்தி பார்ப்பதையும் அவர்கள் கண்டனர்.

‘கைப்பேசியைத் தூர வையுங்கள்’ என்று கூறுதல் எளிது. மாப்பிள்ளையூரணி, தருவைகுளம் போன்ற கடலோர ஊர்களுக்கு அவ்வறிவுரை முழுமையாகப் பொருந்தாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கடலுக்குச் சென்றோரைப் பற்றிய ஒரு சொல்லுக்காகத் தென்கடலோரக் குடும்பங்கள் நாள்கணக்கில் காத்திருந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பல இடங்களில் தொலைத்தொடர்பு அறுந்து, உறவினர் நிலை அறியாமல் மக்கள் தவித்தனர். இவர்களுடைய அச்சம் பட்டறிவில் விளைந்தது. அதனை எள்ளுதல் தகாது.

ஆனால், புயல் எச்சரிக்கைக்கும் ஒன்றுவிட்ட தங்கையின் வளைகாப்புப் படத்துக்கும் கைப்பேசி ஒரே ஓசையைத்தான் எழுப்புகிறது. நூறில் ஒன்று முக்கியமானதாக இருந்துவிடுவதால் நூறையும் பார்க்கத் தோன்றுகிறது. மீன் எப்போது கொத்தும் என்று தெரியாததாலேயே தூண்டில்காரர் கரையைவிட்டு அகலுவதில்லை அல்லவா? நம் மூளையும் அவ்வாறே.

இதற்கு உடல் கொடுக்கும் விலை உறக்கம். தொடர்ந்து உறக்கம் குறைந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்க மறுக்கும். விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்படுபவர் நள்ளிரவுவரை திரையைப் பார்த்திருந்தால், பகல் வெயிலை அவர் உடல் எப்படித் தாங்கும்? மாத்திரையின் அளவைக் கூட்டுமுன், இரவில் எத்தனை மணிக்குக் கைப்பேசியை வைக்கிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். சிலர் சிரிப்பர்; துணைவியார் விடை கூறிவிடுவார்.

செய்யத்தக்கது ஓசைகளைப் பிரிப்பதே. கடலுக்குச் சென்றவர், முதிய பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் அழைப்பு மட்டும் இரவில் ஒலிக்குமாறும் ஏனையவை அமைதியாக இருக்குமாறும் பெரும்பாலான திறன்பேசிகளில் அமைக்க இயலும். வாட்ஸ்அப் குழுக்களை எட்டு மணி நேரத்துக்கோ எப்போதைக்குமோ ஊமையாக்கலாம். நீல நிறக் குறியையும் நிறுத்திவிடலாம். ‘பார்த்தும் பதில் இல்லையே’ என்னும் மனத்தாங்கல் பாதி குறையும்.

உள்நோயாளருடன் தங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். நலம் விசாரிப்போர் அனைவருக்கும் பதில் கூறும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். மாலையில் ஒரே செய்தி போதும். பனிமய மாதா பெருவிழாக் காலத்தில் படுக்கையில் இருப்பவருக்குத் தேர்க் காட்சிகளை வரிசையாக அனுப்புவதைவிட, அரைமணி நேரம் அருகில் அமர்ந்து விழாவைப் பற்றிப் பேசுங்கள். தாம் ஒதுக்கப்பட்டதாக எண்ணி வாடுவோர் இங்கே பலர் உள்ளனர்.

பழக்கம் கைமீறி, படிப்போ வேலையோ கெடுமாயின் தயங்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014 முதல் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவே நடத்திவருகிறது. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.