கெண்டிச் செடி: வாங்கும் முன் அறிந்துகொள்வோம்

கறிவேப்பிலை, கற்பூரவள்ளி, பச்சை மிளகாய் என்று லா சப்பல் பகுதியில் நம் வீடுகளின் யன்னலோரங்களில் வளரும் செடிகள் பல. பிள்ளைகளுக்கோ, பூக்கடையில் ‘பிளாந்த் கார்னிவோர்’ என்று எழுதி வைத்திருக்கும் பூச்சியுண்ணும் செடியின் மேல்தான் ஆசை. வாங்கிக் கொடுக்கிறோம். சில மாதங்களில் கெண்டிகள் கருகி, செடியும் வாடிப்போகிறது. பல வீடுகளில் இதற்குக் காரணம் கவனிப்புக் குறைவு அல்ல. நல்ல மண், உரம், குழாய்த் தண்ணீர் என்று கறிவேப்பிலைக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்வதுதான்.

நம் தீவிலும் உண்டு

இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் கெண்டிச் செடி ஒன்று உண்டு. சிங்களத்தில் ‘பாந்துரா’ என்பார்கள். சிங்கராஜ வனம் உட்பட தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் வளர்கிறது. 1753இல் லின்னேயஸ் இதற்கு நெப்பந்தஸ் டிஸ்டிலாடோரியா என்று பெயரிட்டார்.

அதற்கும் முன், 1658இல், பரிஸில் வெளிவந்த ஒரு நூலில் மடகஸ்கார் தீவின் கெண்டிச் செடி இடம்பெற்றுவிட்டது. எழுதியவர் அங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த எத்தியேன் த ஃபிளாக்கூர். கெண்டியை அவர் பூ என்றே எண்ணினார். அதைப் பறித்தால் அன்று மழை பெய்யும் என்று அங்குள்ள மக்கள் நம்பினார்களாம். தாமும் மற்றப் பிரெஞ்சுக்காரரும் பறித்தும் மழை பெய்யவில்லை என்று எழுதி வைத்தார்.

உண்மையில் கெண்டி ஒரு பூ அல்ல. அது இலையின் ஒரு பகுதி. இலை நுனியிலிருந்து நீளும் பற்றுக்கம்பியின் முனை வீங்கிக் கெண்டியாகிறது. அதன் வழுக்கும் விளிம்பில் கால் வைக்கும் எறும்பு உள்ளே விழுகிறது. உள்ளிருக்கும் நீரிலுள்ள நொதியங்கள் அதைச் சமிக்கச் செய்கின்றன. மண்ணில் கிடைக்காத நைதரசனைச் செடி இப்படித் தேடிக்கொள்கிறது.

எந்தச் செடி இது?

கடையில் ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகள் இருக்கலாம். குழல்கள் மண்ணிலிருந்தே நேராக எழுந்து நின்றால் அது வட அமெரிக்காவின் சரசீனியா. அதற்குக் குளிர்கால ஓய்வு வேண்டும், பல்கனியில் வைக்கலாம். கெண்டிகள் இலை நுனியில் தொங்கினால் அது நெப்பந்தஸ். அதை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

நெப்பந்தஸ்தான் என்று தெரிந்தாலும், இளங்கன்றைப் பார்த்து எந்த இனம் என்று உறுதியாகச் சொல்வது கடினம். இளமையில் கெண்டிகள் குள்ளமாக, முன்பக்கம் மயிரோரம் கொண்ட இரண்டு சிறகுகளோடு இருக்கும். செடி கொடியாக ஏறியபின் மேலே வருபவை ஒடுங்கி நீண்டு, சிறகுகளும் மங்கிவிடும். ஒரே செடியிலேயே இரண்டு வடிவங்கள்! ஆகவே பெரிய செடியின் படத்தோடு கன்றை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பினங்கள். பெயர்ச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வளர்க்கும் முறை

தண்ணீர்: நம் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. மழைத் தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ‘ஓ தெமினெராலிஸே’ என்று விற்கும் தண்ணீரை வாங்குங்கள். போத்தலில் வரும் மினரல் வோட்டர் வேண்டாம். மண் ஈரமாக இருக்கட்டும். சட்டி தண்ணீரில் நிற்கக் கூடாது.

மண்: உரமிட்ட ‘தெரோ’ வேண்டாம். ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் கலந்தால் போதும்.

இடம்: வெளிச்சமான யன்னல், கடும் வெயிலுக்கு மெல்லிய திரை. ஷோஃபாஜுக்கு மேலே வைக்காதீர்கள். குளிர்காலத்தில் அறையின் காற்று உலர்ந்தால் பற்றுக்கம்பியின் முனை காய்ந்து, புதுக் கெண்டி உருவாகாது.

உணவு: இடைக்கிடை ஒரு சிறு பூச்சி போதும். இறைச்சித் துண்டு போட்டால் கெண்டி அழுகிவிடும். உள்ளிருக்கும் நீரைக் கொட்டாதீர்கள். மூடியை விரலால் திறக்காதீர்கள். பழைய கெண்டி காய்வது இயல்பு. அதை மட்டும் வெட்டிவிடுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது காட்டிலிருந்து பிடுங்கி வரும் எண்ணம் வேண்டவே வேண்டாம். கெண்டிச் செடிகளின் சர்வதேச வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. இந்தியாவின் மேகாலயாவில் வளரும் நெப்பந்தஸ் காசியானா, மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் வளர்த்த கன்றையே வாங்குவோம்.

பிள்ளைகளே, ஒரு கொப்பி எடுங்கள். புது இலை விரியும் நாள், பற்றுக்கம்பியின் நீளம், கெண்டியின் மூடி தானாகத் திறக்கும் நாள் மூன்றையும் குறித்து வாருங்கள். செடிக்கு என்ன குறை என்பதை அந்தப் பக்கங்களே உங்களுக்குக் காட்டும்.