சப்பாத்துக்குள் குடியேறிய பூஞ்சை

தாத்தாவின் கால் கட்டைவிரல் நகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மஞ்சளோ பழுப்போ ஏறி, தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறதா? அதில் பூஞ்சை புகுந்திருக்கலாம்.

நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதைத் தின்றே வாழும் பூஞ்சைகள் உண்டு. அவற்றில் பெரிய ஆள் டிரைக்கோபைட்டான் ரூப்ரம். இலங்கையில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ கஸ்தெல்லானி, 1910இல் இதைப் பற்றி எழுதினார். நம் பினாங்கு இருக்கும் தென்கிழக்காசியாவும் இதன் பூர்வீகங்களில் ஒன்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அக்காலத்தில் இங்கே பலர் வெறுங்காலோடு நடந்தார்கள். பூஞ்சை உடம்பில் படர்தாமரையாக வந்ததே தவிர, கால் நகத்தை அவ்வளவாகத் தொடவில்லை. கப்பலேறிய மனிதர்களோடு அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. அங்கே எல்லார் காலிலும் சப்பாத்து! உள்ளே சூடு, வியர்வை, ஈரம். வேறென்ன வேண்டும்? விரலிடுக்கில் தொடங்கி நகத்துக்குள் நுழைந்தது.

இப்போது நாமும் சப்பாத்துப் போடுகிறோம். ஜார்ஜ் டவுனிலோ ஆண்டு முழுதும் புழுக்கம்.

ஆனால், மஞ்சள் நகமெல்லாம் பூஞ்சை அல்ல. பந்து விளையாடி அடிபட்டாலும், சப்பாத்து இறுக்கினாலும் நிறம் மாறும். அதனால் மருத்துவர் நகத்துணுக்கை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பார். கெரட்டின் இளகித் தெளிந்துவிடும். பூஞ்சை இருந்தால் அதன் இழைகள் தெரியும்.

இலேசான நோய்க்கு நகத்தில் பூசும் மருந்து. ஆழமாகப் போயிருந்தால் டெர்பினாஃபின் போன்ற மாத்திரை. பெரியவர்களுக்குக் கால் நகத்துக்கு வழக்கமாக 12 வாரம். மாத்திரை கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் விழுங்கக்கூடாது. தாத்தாவுக்கு இனிப்புநீர் இருந்தால் தள்ளிப்போடாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

“மாத்திரை முடிந்தும் நகம் அப்படியே இருக்கிறதே!” என்று தாத்தா அலுத்துக்கொள்வார். கெட்ட நகம் புண்போல ஆறாது. அடியிலிருந்து புதுநகம் வளர்ந்து அதைத் தள்ள வேண்டும். கட்டைவிரல் நகம் முழுதும் மாற ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். சிறுவர்களுக்கு நகம் வேகமாக வளரும். உங்களுக்கு இந்நோய் குறைவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குளித்ததும் விரலிடுக்கைத் துடையுங்கள். ஈரச் சப்பாத்தைக் காயவைத்துப் போடுங்கள். நீச்சல் குளத்தோரம் சிலிப்பரோடு நடங்கள். நகவெட்டியைப் பகிராதீர்கள்.

ஒரு சோதனை: கைக் கட்டைவிரல், கால் கட்டைவிரல் நகங்களின் அடியில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வையுங்கள். அழியத் தொடங்கினால் அந்தப் புள்ளியின் மேலேயே மறுபடி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, எது எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். பிறகு தாத்தா எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். வயதானவர் நகம் இன்னும் மெதுவாக வளரும். அதையும் மறவாமல் சொல்லிவிடுங்கள்!