நாலரை அடித் தடுப்பு

2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கென்று விதிகள் வெளியிட்டது. தடுப்புப் பலகை தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. தடுப்பு இல்லாத இடங்களில் கணினித் திரை பொது இடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பெற்றோரோ காப்பாளரோ உடன் வராமல் சிறுவர்களைத் தடுப்புக்குள் விடக் கூடாது. வந்துபோனவர்களின் பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பை இன்ச் டேப்பால் அளந்துவிடலாம் என்று அரசு நம்பிய காலம் அது. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் பிரவுசிங் சென்டர்கள் மெல்ல ஜெராக்ஸ் கடைகளாக மாறத் தொடங்கியிருந்த நேரமும் அதுதான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, படங்களோடு பார்க்கக்கூடிய இணைப்புக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். நடுத்தர வீட்டுக்கு அது எட்டாக்கனி. அதனால்தான் பிள்ளைகள் சென்டருக்குப் போனார்கள். மணிக்கு இருபது, முப்பது ரூபாய். நோட்டில் பெயர், நேரம், கையெழுத்து. பேனா நூலில் கட்டித் தொங்கும். ஹெட்போனின் பஞ்சு பிய்ந்திருக்கும். யாஹூ சாட் ரூமில் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி ‘ஏஎஸ்எல்?’ என்பது: வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர். பதினான்கு வயதுப் பையன் கூசாமல் இருபத்திரண்டு என்று அடிப்பான். மறுமுனையில் இருப்பவரும் அதே அளவு உண்மைதான் பேசியிருப்பார். ஆனால் கல்லாவில் இருந்த அண்ணனுக்கு அவன் வயதும் தெரியும், அப்பா எந்த பேங்கில் வேலை என்பதும் தெரியும். “தம்பி, டைம் முடிஞ்சுது, கிளம்பு” என்று அவர் சொன்னால் பேச்சு முடிந்தது.

அந்தக் காலம் பத்திரமானது என்று சொல்ல மனம் வரவில்லை. திரைச்சீலை தொங்கிய சென்டர்களும் இருந்தன. பெண்பிள்ளைகள் தோழியைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். யாராவது பார்த்து வீட்டில் சொன்னால் அதுவும் நின்றது. 2004இல் யாஹூ குழுவில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதியவருக்கு எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த முதல் தண்டனைகளில் ஒன்று அது. புகார் கொடுத்தவர் வயதுவந்த பெண். பதினைந்து வயதுப் பெண் வாய் திறந்திருப்பாளா? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமே 2012இல்தான் வந்தது.

இன்று குழந்தைகள் உதவிக்கு 1098 இருக்கிறது, சைபர் குற்றப் புகாருக்கு 1930 இருக்கிறது. புகாரை வீட்டிலிருந்தே பதியலாம். குழந்தைகளின் ஆபாசப் படங்களைத் தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இதெல்லாம் சின்ன லாபமில்லை.

திரைதான் இடம் மாறிவிட்டது. 2016இல் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியது. பத்தாவது முடிக்கும்வரை போன் கிடையாது என்று உறுதியாக இருந்த அடையாறு வீடுகளில்கூட, 2020இல் ஆன்லைன் வகுப்புக்காக அப்பா அம்மாவே வாங்கிக் கொடுத்தார்கள். பொது முடக்கம் முடிந்தது. போனை யாரும் திருப்பி வாங்கவில்லை. இப்போது அது போர்வைக்குள் இருக்கிறது. கல்லா அண்ணனின் இடத்தில் இன்ஸ்டாகிராமின் ‘டீன் அக்கவுண்ட்’: 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது, இரவு பத்து முதல் காலை ஏழு வரை நோட்டிபிகேஷனை அடக்கி வைக்கிறது, பதினாறு வயதுக்குக் கீழ் இருந்தால் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெற்றோரைக் கேட்கிறது. பிறந்த ஆண்டை 2000 என்று போட்டு இன்னொரு கணக்குத் தொடங்கினால்? சாட் ரூமில் சொன்ன அதே பொய்தான். முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட அறையில் மூன்றாவது ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் கரண்ட் பில் கட்டுவது, பாட்டிக்கு மருந்து ஆர்டர் செய்வது, அப்பாவின் போனுக்கு வரும் ஓடிபியைப் படித்துச் சொல்வது எல்லாம் பல வீடுகளில் அந்த வயதுப் பிள்ளையின் வேலை.