டேப் தின்னும் மெமரி!

குட்டீஸ், புராஜெக்டுக்குப் படம் தேடும்போது பிரவுசரில் எத்தனை டேப் திறந்து வைப்பீர்கள்? யானைக்கு ஒன்று, புலிக்கு ஒன்று, நடுவில் கார்ட்டூனுக்கு ஒன்று... இருபதைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஊர ஆரம்பிக்கும். உடனே, "வைரஸ் வந்துடுச்சு!" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அது வைரஸாக இல்லாமல், வெறுமனே மெமரி நிரம்பியதாகவும் இருக்கலாம்.

ஹார்டு டிஸ்க், பீரோ மாதிரி. 'ராம்' எனும் மெமரி, நீங்கள் படிக்கும் மேஜை மாதிரி. வேலை நடப்பது மேஜையில்தான். ஒவ்வொரு டேப்பும் அதில் விரித்து வைத்த ஒரு புத்தகம். இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் சிலவற்றைத் தூக்கிப் பீரோவில் வைக்கும். நீங்கள் கேட்டதும் ஓடிப்போய் எடுத்து வரும். டிஸ்க், ராமைவிட ரொம்ப மெதுவானது. அதனால்தான் அந்த ஆமை நடை!

பிரவுசருக்கு ஏன் இவ்வளவு பசி? முன்பெல்லாம் எல்லா டேப்களும் ஒரே புரோகிராமுக்குள் ஓடின. ஒரு பக்கம் கோளாறு செய்தால் பிரவுசர் மொத்தமும் மூடிக்கொள்ளும். பாதி டைப் அடித்த மெயில் போயே போச்சு! 2008-ல் வந்த கூகுள் குரோம், டேப்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டியது. ஒன்று விழுந்தாலும் மற்றவை பிழைக்கும். 2016 முதல் பயர்பாக்ஸும் படிப்படியாக இந்த வழிக்கு வந்தது. 2018-ல் 'ஸ்பெக்டர்' என்ற பிராசஸர் ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு தளம் இன்னொன்றின் ரகசியத்தை எட்டிப் பார்த்துவிடாமல் இருக்க, குரோம் இன்னும் கறாராகப் பிரித்தது. இதற்கு மட்டும் 10 முதல் 13 சதவீதம் மெமரி கூடுதலாகும் என்று கூகுளே சொன்னது. தனிக்குடித்தனம் போனால் ஆளுக்கொரு அடுப்பு வேண்டும் அல்லவா? ஆனாலும் இது வீண்செலவு இல்லை.

எந்த டேப் அதிகம் தின்கிறது என்று பார்க்கலாமா? விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். 'மெமரி' என்ற தலைப்பை ஒன்றிரண்டு முறை கிளிக் செய்தால், பெரிய தீனிப்பண்டாரம் மேலே வந்து நிற்பார்! எப்போதோ சேர்த்து மறந்துபோன எக்ஸ்டென்ஷன்களும் அங்கே இருக்கும். வேண்டாததை நீக்கலாம். அக்காவின் கம்ப்யூட்டர் என்றால் கேட்டுவிட்டு! அங்கேயே ஒரு டேப்பை நிறுத்தவும் முடியும்; ஆனால் அதில் டைப் செய்தது போய்விடும். முதலில் சேமியுங்கள்.

குரோமில் 2022-ல் 'மெமரி சேவர்' வசதி வந்தது. செட்டிங்ஸில் 'பெர்பாமன்ஸ்' பகுதியில் இருக்கும். நீங்கள் பார்க்காத டேப்களை அது தூங்க வைக்கும். கிளிக் செய்தால் மறுபடி லோடு ஆகும். பாட்டு ஓடும் டேப்பையும், பாதி நிரப்பிய படிவத்தையும் தொடாது. சமர்த்து!

'மெமரியைக் கூட்டுகிறோம்' என்று மின்னும் விளம்பரங்களை மட்டும் கிளிக் செய்யாதீர்கள். ராமைப் பெருக்கும் மந்திரம் அவர்களிடம் இல்லை.

அவசரத்தில் வேண்டிய டேப்பையே மூடிவிட்டீர்களா? கன்ட்ரோல், ஷிப்ட், 'டி' மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கடைசியாக மூடியது திரும்பி வரும்!